சாக்குல துடைக்காத பிடி

கண்ண மூடிக்கிட்டுப் புடிச்சுப் பாருங்க, கையே சொல்லும்னாரு கமால் பாய். சொல்லும் சொல்லும், எங்கை என்ன ரேடியோவா, திருகிவிட்டா பாடுறதுக்கு. வலது கையில ஒரு கத்தி, எடது கையில ஒரு கத்தி, ரெண்டும் ஒரே நீளம், ஒரே கனம், ஒண்ணுக்கு ஈட்டி மரத்துல பிடி, இன்னொண்ணுக்குக் கருப்பு பைபர்ல வரி வரியாக் கீறுன பிடி, ரெண்டுமே கடையில மாதிரிக்கு வச்சிருக்கது. நான் கொண்டாந்தது பிடியே இல்லாத வெறும் இரும்பு. சாக்குல சுத்தி மேச மேல கெடக்கு, பொணம் மாதிரி. அதுக்குப் புதுசாப் பிடி போடணும். மரமா பைபரான்னு நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும், பாய் ஓட்ட போட்டு ஆணி அடிச்சுக் குடுத்துருவாரு, அரைமணி நேர வேல. நான் சொல்ல மாட்டேங்குறேன். நாள் முழுக்கப் பேசுற வாயி, கறிக்கடையில ஒச்சப்பன் பேச ஆரம்பிச்சா ஆடு கூடச் சிரிச்சுக்கிட்டே சாகும்பாய்ங்க, அந்த வாயி இப்பப் பூட்டிக் கெடக்கு. பக்கத்துல ஸ்டூல்ல நல்லமணி உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு இருக்கான். எம்பொண்டாட்டி விருமாயியோட தம்பி. கறிக்கடையில நான் வெட்டுவேன், அவன் எலும்பப் பிடிச்சுக் குடுப்பான், பதினோரு வருசமா இதேதான். அவன் எடது கையில பெரிய கட்டு. கட்டுக்குள்ள ஆட்காட்டி வெரல்ல ரெண்டு கணு இல்ல. போன ஞாயித்துக்கு முந்துன ஞாயிறு காலையில நான்தான் எடுத்தேன்.

எடது கை சொல்லுதுப்பா, அதச் சொல்லணும். எடது கை நல்ல புள்ள. இது பைபரு, கொஞ்சம் சில்லுன்னு இருக்கு, வரி உள்ளங்கையில கடிக்குதுங்குது. வலது கை ஒண்ணுஞ் சொல்லல. கேட்டுப் பாத்துட்டேன். ஏம்ப்பா வலது, மரமாப்பா? பேச்சக் காணோம். கனம் தெரியுது, அது தோள்பட்டைக்குத் தெரியுது, கைக்கு இல்ல. வாழத்தண்டக் குடுத்தாலும் கருங்கல்லக் குடுத்தாலும் இந்தக் கை வாங்கி வச்சுக்கும், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்ள மாதிரி, எது வச்சாலும் சரி சரின்னு. பாய் விடாமப் பேசுறாரு. அவரு பேசுறதுக்கு ஒரு ராகம் இருக்கு, ஒவ்வொரு வார்த்த முடிவுலயும் மூக்க உறிஞ்சுவாரு. "மரம்னா மரந்தாங்க ஹ்ம்க், கை வேர்வையக் குடிக்கும், கொழுப்பக் குடிக்கும், ஒரு வருசத்துல ஒங்க கைக்குன்னே பள்ளம் விழுந்துரும், அடுத்தவன் புடிச்சா அவனுக்கு ஒப்பாது ஹ்ம்க். ஆனா தண்ணி. தண்ணிதான் எதிரி. ஊறும், விரியும், இரும்புக்கும் மரத்துக்கும் நடுவுல ரத்தம் எறங்கி நாறும். பைபரு அப்பிடி இல்ல, சுடுதண்ணியில போட்டு அலசலாம், ஆயிரம் வருசத்துக்கு அப்பிடியே கெடக்கும், ஆனா ஒங்களத் தெரியாது ஹ்ம்க்." நான் அப்பிடியே திருப்பிப் போட்டேன், அதே ராகம், அதே மூக்கு, "பாய், ஒங்களுக்கு மூக்குக்கு ஒரு பைபர் போடுங்க ஹ்ம்க்." நல்லமணி கட்டுக் கைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரிச்சா கட்டு அதிருது, அதிர்ந்தா வலிக்குது, "யோவ் மாமா, சிரிக்க வைக்காதய்யா, தெறிக்குது"ங்குறான். வலிக்குது அவனுக்கு. இல்லாத வெரலு வலிக்குதுங்குறான். இருக்குற வெரலு அஞ்சும் வச்சுக்கிட்டு எனக்கு வலிக்கல. இத யார்ட்டச் சொல்லிச் சிரிக்கிறது.

அந்த ஞாயிறு கூட்டம். கூட்டம்னா எனக்குக் கள்ளுக் குடிச்ச மாதிரி. ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு வருவாரு, ஒரு கிலோவ வாங்கிக்கிட்டு மூணு கிலோவுக்குப் பேசுவாரு, "பொடியா, பொடியா, எனக்குப் பல் இல்ல, எங்க வீட்டம்மாவுக்குப் பொறும இல்ல". அவரு போல பேசிக்கிட்டே வெட்டிக்கிட்டு இருக்கேன், அவரே சிரிக்கிறாரு. நெஞ்செலும்பு. நல்லமணி ரெண்டு பக்கமும் விரிச்சுப் பிடிப்பான், நான் 'ஹா'ன்னு ஒரு சத்தம் குடுப்பேன், கத்தி எறங்கும், அவன் ஒரு வெரக்கட அளவுக்குத் தள்ளுவான், மறுபடி 'ஹா'. எங்க ரெண்டு பேத்துக்கும் கண்ணு தேவையில்ல. கட்டைக்குப் பக்கத்துல கொக்கியில ஈரச்சாக்கு ஒண்ணு தொங்கும். பிடியில கொழுப்பு ஏறிருச்சுன்னா அதுல ஒரு இழு இழுத்துத் துடைச்சுட்டு மறுபடி வெட்டணும். எத்தன வெட்டுக்கு ஒருக்காத் துடைக்கணும்னு எவனும் கணக்கு வைக்கிறதில்ல. ஆட்டப் பொறுத்து, வெயிலப் பொறுத்து. கை சொல்லும். வழவழன்னு ஆகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே சொல்லிரும். எங்கப்பன் காலத்துல இருந்து கறி வெட்டுறவன் எவனும் இத யோசிச்சதே இல்ல, மூச்சு விடுறத எவன் யோசிப்பான். அன்னைக்கு எங்கை சொல்லல. நான் வாத்தியாரு மாதிரி பேசிக்கிட்டே இருக்கேன், பொடியா, பொடியா, ஹா, பொடியா, ஹா, இருபது வெட்டோ முப்பது வெட்டோ, சாக்கு பாட்டுக்குத் தொங்குது. கத்தி கைக்குள்ள திரும்பிருச்சு. அயிர மீனு நழுவுற மாதிரி. திரும்புனது எனக்குத் தெரியல. கீழ எறங்குன சத்தம் மாறுனதும்தான் தெரிஞ்சுச்சு. காதுக்குத் தெரிஞ்சுச்சு, கைக்குத் தெரியல.

அவன் கத்தல. அதான் இன்னும் குடையுது. கத்திருந்தான்னா அந்தச் சத்தத்த நான் எடுத்து வச்சுக்கிட்டு என்னைக்காச்சும் பேசிக் காட்டித் தொலச்சிருப்பேன். நல்லமணி கையப் பாத்தான், என்னையப் பாத்தான், ரொம்ப அமைதியா, "மாமா, பிடிய துடைக்கலயா?"ன்னு கேட்டான். நான், "துடைச்சேன்டா"ன்னேன். இம்புட்டுத்தான். துடைச்சேன்டா. ஒரு வார்த்த. அதுக்கப்பறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, கட்டையில கெடந்த கறி மொத்தத்தையும் வாரிக் கொட்டுனது, எல்லாம். கடை மொதலாளி மாயண்ணே கத்திய எடுத்து மோந்து பாத்தாரு, "ஊறிப்போச்சுடா ஒச்சு, மரம் ஊறி அழுகிப்போச்சு, நீ துடைச்சும் வழுக்கிருக்குன்னா பிடியிலதான் கோளாறு"ன்னாரு. ஆமாண்ணேன்னு சொன்னேன். ஆட்டுத்தல வாட்டுற அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பிடிய ஒடச்சு அடுப்புல போட்டாரு. கருவேலம் பிடி, பதினோரு வருசம், எங்கட்டை வெரலுக்குன்னு பள்ளம் விழுந்து கெடந்துச்சு. நல்லா எரிஞ்சுச்சு, கொழுப்பு ஊறுனதுல்ல, பொட்டுப் பொட்டுன்னு வெடிச்சுக்கிட்டு எரிஞ்சுச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். நான் செஞ்சதுக்கு அது வேகுது. அதுக்கு வாய் இருந்துச்சுன்னா என்ன பேசிருக்கும், அதப் பேசிக் காட்ட மட்டும் எனக்கு இன்னும் வரல.

எப்ப ஆரம்பிச்சுச்சு. தையிலயா, அதுக்கும் முன்னையா. ஆட்டுக்கால் வாட்டிக்கிட்டு இருந்தேன், கறி தீயிற வாசம் வந்துச்சு, என்னடா இது இன்னும் மயிரே கருகல அதுக்குள்ள தோலு தீயுதுன்னு குனிஞ்சு பாத்தா எஞ்சுண்டு வெரலு தீக்குள்ள இருக்கு. பாட்டுக்கு இருக்கு. எடுத்தேன், கொப்புளம், சிரிச்சேன். "பாத்தியாடா மாப்ள, ஒச்சப்பன் தீயில வச்சாலும் வேகமாட்டான்." அவனும் சிரிச்சான். முழங்கைக்குக் கீழ ஒரு தேமல் இருக்கு, ரூவாத்துட்டு அளவுல இருந்துச்சு, இப்ப வடை அளவு. அதுல மயிரு இல்ல, வேர்க்குறதில்ல. அதுக்குத்தான் இந்தச் சித்திர வெயில்லயும் முழுக்கை சட்ட. விருமாயி கேட்டா, நான் பேங்க்கு மேனேஜர் மாதிரி கழுத்தத் தூக்கி, "மேடம், டிரெஸ் கோடு"ங்குறேன், அவ சிரிச்சுட்டுப் போயிருறா. சிரிக்க வச்சுட்டா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாய்ங்க, இது நான் சின்னதுலயே கண்டுபுடிச்ச வித்த. மக ஒம்போது வயசு, இன்னமும் நான் உருட்டிக் குடுத்தாத்தான் சோறு எறங்கும். பொங்கல்ல இருந்து நிப்பாட்டிட்டேன். ஏம்ப்பா ஊட்டல, ஏம்ப்பா ஊட்டலன்னு கேக்கும், நான் கெழட்டுக் காக்கா மாதிரி கத்துவேன், சிரிச்சுக்கிட்டே அதுவா அள்ளித் திங்கும். ராத்திரி நான் பாயத் தள்ளிப் போட்டுப் படுக்குறேன். கொறட்டை விடுறேன்னு சாக்கு.

அந்த வியாதி பேர நான் சொல்லல, மனசுக்குள்ளயும் சொல்லல, பக்கத்துல போகும்போது மனசு எருமை மாதிரி நின்னுக்கிருது, அடிச்சாலும் நகர மாட்டேங்குது. ஆனா கோயில் படிக்கட்டுல ஒருத்தன் உக்காந்திருப்பான், சுண்டுவெரலும் பக்கத்து வெரலும் கொக்கி மாதிரி மடங்கி, அந்தக் கையாலயே தகரத்தத் தட்டுவான். அவன நான் பேசிக் காட்டிருக்கேன். கல்யாண வீட்டுல, சீட்டாடுற எடத்துல, கைய மடக்கி, கண்ணச் சொருகி, தகரத்தட்டோட. எல்லாரும் உருண்டு சிரிச்சாய்ங்க, இன்னொருக்காப் பண்ணு ஒச்சு, இன்னொருக்கா. இப்பக் காலையில கண்ணாடி முன்னாடி சவரம் பண்றப்பப் பாக்குறேன், எஞ்சுண்டு வெரலு அதே மாதிரி நிக்குது. நான் எதுவும் பண்ணல, அதுவா நிக்குது. எவனோ என்னையப் பேசிக் காட்டுற மாதிரி இருக்கு. வீடு வீடா ஒரு நர்சம்மா வந்துச்சு, கையில நோட்டு, குடை. "ஒடம்புல தேமல், தொட்டா உணர்ச்சி தெரியாத எடம், ஏதாச்சும் இருக்குதாங்கண்ணே? ஆரம்பத்துலயே காட்டிட்டா மாத்திரைதான், காசு கூட இல்ல, ஒட்டாது, கொணமாயிரும்." நான் சொன்னேன், "இருக்கும்மா, எம்பொண்டாட்டிக்கு மொத்தமா உணர்ச்சி இல்ல, ஒரு பேரல் மாத்திர குடுங்க." விருமாயி அகப்பையால அடிக்க வந்தா, நர்சம்மாவும் சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே கதவுல சாக்குக்கட்டியால என்னமோ எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போச்சு. ஒரு நிமிசம், நான் சட்டைக் கைய மடக்கிக் காட்டிருந்தா. ஒரு நிமிசந்தான். அது மாசியில. நல்லமணி வெரலு போனது சித்திரையில. நடுவுல ஒரு மாசம் கெடந்துச்சு, வெறும் மாசம், சும்மா கெடந்துச்சு. மாத்திரைன்னா கடைக்குத் தெரியும். தெரிஞ்சா, ஒச்சப்பன் தொட்ட கறிய எவன் வாங்குவான். ஒட்டாதுன்னு நர்சம்மா சொல்லும், நர்சம்மாவா வந்து கறி வாங்கப் போகுது.

"பைபரே போடச் சொல்லுங்க மாமா," நல்லமணிதான். "மாயண்ணேனும் அதான் சொன்னாரு. கழுவுனா சுத்தமா இருக்கும். வரி வேற போட்டிருக்கு, வழுக்காது. வர்ற ஞாயித்துக்கு நான் வந்துருவேன்ல." வந்து என்னடா பண்ணுவன்னு கேட்டேன். "என்ன பண்ணுவேன், பிடிப்பேன். டாக்டரு கட்டப் பிரிச்சுருவாரு. மிச்சம் நாலு வெரலு இருக்குல்ல, நாலு வருசத்துக்கு வரும்." இத அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான். எங்கிட்டக் கத்துக்கிட்டது, இந்தச் சிரிப்பு. எந்தப் பயலும் ஒருக்காக் கத்திக்குக் குடுத்த கைய அதே கத்திக்குக் கீழ மறுபடி வைக்க மாட்டான். இவன் வைக்கிறான். ஏன் வைக்கிறான்னா, தப்பு பிடியிலன்னு நம்புறான். நான் துடைச்சேன்னு நம்புறான். மரத்தப் போட்டாலும் பைபரப் போட்டாலும், வெள்ளியில செஞ்சு போட்டாலும், கொழுப்பு ஏறும், கை சொல்லாது, சாக்கு தொங்கும், 'ஹா'ன்னு நான் சத்தம் குடுப்பேன். எண்ணிக்கிட்டு வெட்டலாமா. பத்து வெட்டுக்கு ஒருக்கா, எண்ணி, துடைச்சு. ரெண்டு நாளா அதத்தான் யோசிக்கிறேன். எண்ணிக்கிட்டு இருந்தாப் பேச முடியாது. பேசாட்டி மாயண்ணே கேப்பாரு. எட்டாவது வெட்டுலயே திரும்புச்சுன்னா. எட்டாவதுல திரும்பாதுன்னு எந்தப் பிடி எழுதிக் குடுக்குது. பாய், அப்பிடி ஒரு பிடி இருக்கா பாய்.

"கண்ண மூடுங்க மாமா," எந்திரிச்சு வந்துட்டான். "பாய் சொன்ன மாதிரி பண்ணுவோம். எடது கையப் பின்னாடி கட்டுங்க. வலதுல நான் ஒவ்வொண்ணா வைக்கிறேன், எது கைக்கு நல்லாருக்குன்னு சொல்லுங்க." வேணாம்டான்னேன். "அட மூடுய்யா, பொண்ணு பாக்கவா கூப்புடுறேன்." மூடுனேன். இருட்டு. கடையில இரும்பு வாசம், எண்ணெ வாசம், தெருவுல ஒரு வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டே போகுது. என்னமோ கையில வந்துச்சு. கனம் தோளுக்குத் தெரியுது. வெரல மூடிக்கிட்டேன், மூடிக்கிட்டேன்னு நெனைக்கிறேன். "சொல்லுங்க, இது எது?" கேட்டுப் பாக்குறேன், ஏப்பா வலது, ஒரே ஒருக்கா, ஒங்காலுல விழுறேன். ஒண்ணும் வரல. "மரம்"ன்னேன். பாய் சிரிச்சாரு. நல்லமணி, "அப்ப இது?" மாத்துனான். மாத்துனது காத்துல தெரிஞ்சுச்சு, கைக்குத் தெரியல. மொதல்ல மரம்னேன், அப்ப இது பைபராத்தான இருக்கணும். "பைபரு." ரெண்டு பேரும் கெக்கெக்கேன்னு. "மாமா, மொதல்ல வச்சது பைபரு, இப்ப வச்சதும் அதே பைபருதான்யா, எடுத்துட்டு அதையே வச்சேன்! மரத்த நான் தொடவே இல்ல. நடிக்காதீக மாமா, ஒழுங்காச் சொல்லுங்க."

கண்ணத் தொறந்தேன். "நடிக்கல மாப்ள"ன்னேன். "எனக்குக் கையில உணர்ச்சி இல்லடா. ரொம்ப நாளா இல்ல. அன்னைக்கு நான் பிடியத் துடைக்கல. வழுக்குறது எனக்குத் தெரியல." சொல்லிட்டேன். சொல்லியே போட்டேன், இத்தன மாசமா தொண்டையில கெடந்தத. சிரிக்கிறாய்ங்க. ரெண்டு பேரும் சிரிக்கிறாய்ங்க! பாய் கண்ணுல தண்ணி வருது, "ஐயோ, அந்த மூஞ்சி, அழுவுற மாதிரியே வச்சுக்கிட்டுச் சொல்றாரு பாருங்க ஹ்ம்க்." நல்லமணி எந்தோள்ல சாயுறான், "யாரு மாதிரி மாமா இது? அந்தக் கோயில் படிக்கட்டுக்காரன் மாதிரியா?" யாரு மாதிரியும் இல்லடா. யாரு மாதிரியும் இல்லாமப் பேசுனா எப்பிடி இருக்கும்னு இவைங்களுக்குத் தெரியாது, நான் காட்டுனதே இல்ல. எனக்கே தெரியாது, இப்பத்தான் கேட்டேன், சின்னதா, கம்மலா இருந்துச்சு, வேற எவனோ பேசுன மாதிரி.

டீ வந்துச்சு. பாய் சொல்லி விட்டுருப்பாரு போல, எதுத்த கடை ஆளு கம்பிக் கூட்டுல மூணு கிளாசு கொண்டாந்தாரு, நொர இன்னும் அடங்கல. நல்லமணி நல்ல கையால ஒண்ண எடுத்தான், "ஆத்தே"ன்னு உடனே மேச மேல வச்சுட்டு வெரல ஊதுனான். பாய் வேட்டி நுனியால கிளாச விளிம்புல புடிச்சாரு. நான் என் கிளாச எடுத்தேன். வலது கையால. விளிம்புல இல்ல, நடுவுல, அஞ்சு வெரலும் சுத்தி, உள்ளங்கை ஒட்டுற மாதிரி இறுக்கி. நெஞ்சுக்கு நேரா வச்சுக்கிட்டு நல்லமணியப் பாத்தேன். மொதல்ல அவன் சிரிச்சுக்கிட்டு இருந்தான். பெறகு வாயி மட்டும் சிரிச்சுச்சு. பெறகு அவன் கண்ணு எங்கையப் பாத்துச்சு, அங்கயே நின்னுச்சு. கையி செவந்துக்கிட்டு வருது, எனக்கும் பாத்தாத்தான் தெரியுது. "மாமா, வைங்க." வைக்கல. "மாமா, சூடு. வைங்க மாமா." நான் வைக்கல. இதுல மட்டும் நான் நடிக்கலன்னு அவன் பாக்கணும், பாத்து முடிக்கட்டும். "வைய்யா"ன்னு கத்துனான், வெரலு போனப்பக் கத்தாதவன், கட்டுக் கையாலயே கிளாசத் தட்டிவிட்டான். டீ தரையில. கிளாசு ஒடையல, உருண்டு போயி அரிவாமனை அடுக்குக்குக் கீழ நின்னுச்சு. எஞ்சட்டைக் கைய அவனே தூக்குனான், பட்டனு தெறிச்சுச்சு. தேமலப் பாத்தான். ஒரு வெரல நீட்டித் தொட்டான். நான் தலைய ஆட்டுனேன், தெரியலடான்னு.

பாய் மூக்க உறிஞ்சக் கூட மறந்து உக்காந்திருந்தாரு. பெறகு அவருக்கு வேற பேச்சுத் தெரியாத மாதிரி, "அப்ப, பிடி என்னன்னு"ன்னு ஆரம்பிச்சு நிப்பாட்டிட்டாரு. நல்லமணி எம்மொகத்தப் பாக்கல. மேசையில கெடந்த மரப்பிடிக் கத்திய எடுத்தான், நல்ல கையால. எடது கையில கட்டு, வலது அவனுக்கு ஒண்ணும் ஆகல, அப்பத்தான் அது எனக்கு உறைச்சுச்சு. கண்ண மூடுனான். மெதுவா மூடித் தொறந்தான் கைய, மறுபடி மூடுனான். அவன் மொகத்துல என்னமோ ஒண்ணு அசைஞ்சுச்சு, கை என்னமோ சொல்லியிருக்கும் போல. எனக்குக் கேக்காதது. "மரமே போடுங்க பாய்," கண்ணத் தொறக்காமலே சொன்னான். "வெட்டப் போறது நானு." அப்ப எலும்பப் பிடிக்கிறது யாருடான்னு கேக்க வந்தேன். வாத்தியாரு மாதிரி கேக்கலாமா, பாய் மாதிரி கேக்கலாமான்னு வாயி தானாத் தேடுச்சு. கேக்கல. பாய் ஈட்டிப் பலகைய எடுத்து, சாக்க விரிச்சு, எங்கத்தி மேல வச்சு அளவு கோடு போட ஆரம்பிச்சாரு.